இரவுப் படத்துக்குச் சாயங்காலமே கிளம்புங்கள்

வண்டி விளக்குகள் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு இழுத்துப் போகும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு விலை உயர்ந்த கேமரா வேண்டாம். ஷட்டரை, அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் திரையை, சில விநாடிகள் திறந்து வைக்க முடிகிற கேமராவும் ஆடாத டிரைபாடும் (முக்காலியும்) போதும். பழக, சென்னை நேப்பியர் பாலத்தை எடுத்துக்கொள்வோம். வில் வளைவுகளில் விளக்கு, கீழே கூவம், மேலே ஓயாத போக்குவரத்து.

1. நேரம்

பாதி வெற்றி இதில்தான். நன்றாக இருட்டியபின் போனால் வானம் கரிச்சட்டியாக இருக்கும். வளைவின் விளிம்பு எங்கே முடிகிறதென்றே தெரியாது. சூரியன் மறைந்த சுமார் 15 நிமிடத்திலிருந்து 30 நிமிடம் வரை வானத்தில் ஆழ்ந்த நீலம் நிற்கும். விளக்குகளும் வானமும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்துக்கு வருவது அப்போதுதான். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக இறங்குவதால் இது சட்டென்று முடிந்துவிடும். சென்னையில் அஸ்தமனம் டிசம்பரில் 5:45 வாக்கில், ஜூன் கடைசியில் 6:35 தாண்டி. அரை மணி முன்பே போய் இடம் பிடியுங்கள்.

2. நிற்கும் இடம்

பாலத்தின் மேல் டிரைபாடை வைக்காதீர்கள். பேருந்து போகும்போதெல்லாம் தளம் அதிரும், படமும் கலங்கும். பாலம் தொடங்குவதற்கு முன்பே நடைபாதையில், நடப்பவர்களுக்கு வழிவிட்டு நில்லுங்கள். இடது பக்க நடைபாதையில் வண்டிகள் போகும் திசையைப் பார்த்து நின்றால், அருகில் சிவப்புக் கோடுகள் விழும். எதிர்த்திசை முகப்பு விளக்குகள் தள்ளியே இருப்பதால் கண்ணைக் கூசும் வெள்ளைத் திட்டுகள் குறையும்.

கடற்காற்று டிரைபாடை ஆட்டும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும், அதுவாகவே தெளியட்டும்.

3. செட்டிங்

மேனுவல் மோடு (எல்லாவற்றையும் நீங்களே வைப்பது), ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 11, ஷட்டர் 10 விநாடி. இங்கிருந்து தொடங்குங்கள். இருட்ட இருட்ட 15, 20 என்று ஏற்றலாம். அபெர்ச்சரை எஃப் 8 ஆக்கினால் துளை பெரிதாகும், அதே வெளிச்சத்துக்குப் பாதி நேரம் போதும், ஆனால் கோடுகள் குட்டையாகும். ரா ஃபார்மட்டில் (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பில்) எடுத்தால் நிறத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். டிரைபாடில் இருக்கும்போது, கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். லென்ஸின் முன்னால் யூவி ஃபில்டர் கண்ணாடி இருந்தால் அதையும் கழற்றுங்கள். படத்தில் தெருவிளக்கின் மங்கலான போலிப் பிம்பங்கள் பெரும்பாலும் அதனால்தான் வருகின்றன.

4. ஃபோகஸ்

தூரத்து விளக்கு ஒன்றைத் திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றுங்கள். பிறகு லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் தொடவே கூடாது.

5. கிளிக்

2 விநாடி டைமர் வையுங்கள். விரல் அழுத்தும் அதிர்வு படத்தில் விழாது. வண்டிக் கூட்டம் உங்களைத் தாண்டத் தொடங்கும்போது ஷட்டர் திறந்திருக்க வேண்டும். உயரமான பேருந்து வந்தால் விடாதீர்கள், அதன் விளக்குகள் மேலே தனிக் கோடு போடும். எடுத்ததும் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் இருட்டை இடதிலும் வெளிச்சத்தை வலதிலும் காட்டும் வரைபடத்தை, பாருங்கள். திரை இருட்டில் பொய் சொல்லும், எல்லாப் படமும் பளிச்சென்றே தோன்றும். வரைபடம் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் ஷட்டர் நேரத்தைக் குறையுங்கள்.

போன் மட்டும்தான் இருக்கிறதா? நைட் மோடு வேண்டாம். அது பல குட்டிப் படங்களை ஒட்டுவதால் கோடுகள் துண்டு துண்டாகலாம். ப்ரோ மோடு இருந்தால் அதில் ஷட்டர் நேரத்தைக் கையால் வையுங்கள். போனுக்கும் டிரைபாட் வேண்டும்.