ஒன்ராறியோவில் சாரதி அனுமதிப்பத்திரம்: யாழ்ப்பாணத்திலேயே தொடங்க வேண்டிய வேலை

கல்வி வீசாவிலோ வேலை வீசாவிலோ கனடாவுக்குப் புறப்படும் நம் பிள்ளைகள் குளிர் உடுப்பு முதல் மிளகாய்த்தூள் வரை எல்லாவற்றையும் மறக்காமல் கட்டுகிறார்கள். ஆனால் தங்கள் வாகனம் ஓட்டிய அனுபவத்தை உறுதிப்படுத்தி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கும் கடிதத்தைப் பெரும்பாலானோர் கொண்டுசெல்வதில்லை. அதன் பெறுமதி ரொறன்ரோவில் இறங்கிய பின்னரே தெரியவருகிறது. அப்போது அதனை இங்கிருந்து எடுப்பிக்க வீட்டார் அலைய நேரிடுகிறது.

கனடாவில் அனுமதிப்பத்திரம் வழங்குவது மாகாண அரசு. நம்மவர்கள் அதிகம் வாழும் ஒன்ராறியோவில் ஜீ1 (பழகுநர்), ஜீ2 (இடைநிலை), ஜீ (முழு அனுமதி) என மூன்று நிலைகள் உண்டு. இலங்கை அனுமதிப்பத்திரத்தை அங்கு நேரடியாக மாற்றிக்கொள்ள முடியாது. எனவே யாராயினும் ஜீ1 எழுத்துப் பரீட்சையிலிருந்தே தொடங்க வேண்டும். புதிதாக ஓட்டப் பழகுபவர் அதன் பின்னர் வீதிப் பரீட்சைக்கு 12 மாதங்கள் காத்திருக்க வேண்டும். உங்கள் முன் அனுபவம் குறைப்பது இந்தக் காத்திருப்பைத்தான்.

முதற்படி: புறப்படுமுன். உங்கள் அனுமதிப்பத்திரம் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் திணைக்களத்திடம் ஆங்கிலத்தில் அமைந்த மூலக் கடிதத்தைக் கோருங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர், பிறந்த திகதி, அனுமதிப்பத்திர இலக்கம், கார் ஓட்டுவதற்கான வகுப்பு முதன்முதலில் வழங்கப்பட்ட திகதி ஆகியவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் வெவ்வேறு ஆண்டுகளில் அனுமதி பெற்றவர்கள் இந்தத் திகதியை இருமுறை சரிபார்க்க வேண்டும். 12 மாதங்கள் வரையான அனுபவத்தைக் கடிதமின்றியே அறிவிக்கலாம். அதற்கு மேற்பட்ட அனுபவத்துக்குக் கடிதம் அவசியம். கடந்த 3 ஆண்டுகளுக்குள் 24 மாத அனுபவத்தை நிறுவுபவர் நேரடியாக ஜீ வீதிப் பரீட்சைக்கே தோற்றலாம். அந்த வாய்ப்பு ஒருமுறைதான். தவறினால் ஜீ2 பரீட்சைக்குத் திரும்ப வேண்டும். ஆகவே கையில் அனுமதிப்பத்திரம் இருந்தும் காரை அதிகம் தொடாதவர்கள் ஜீ2 வழியாகச் செல்வதே நல்லது என்பது என் கருத்து.

இரண்டாம் படி: எழுத்துப் பரீட்சை. ஒன்ராறியோவில் குடியேறியவர் தமது நாட்டு அனுமதிப்பத்திரத்துடன் 60 நாட்கள் மட்டுமே ஓட்டலாம் என்பதால் தாமதிக்க வேண்டாம். கடவுச்சீட்டு, வீசா ஆவணம், இலங்கை அனுமதிப்பத்திரம், கடிதம் ஆகியவற்றுடன் பரீட்சை நிலையத்துக்குச் செல்லுங்கள். கண்பார்வையைச் சோதித்த பின்னர் 40 வினாக்கள் தரப்படும்: வீதிச் சின்னங்களில் 20, விதிகளில் 20. ஒவ்வொன்றிலும் குறைந்தது 16 சரியாக இருக்க வேண்டும். இதனைத் தமிழிலேயே எழுதலாம். ஆயினும் வீதிப் பலகைகள் ஆங்கிலத்தில் இருப்பதால் சின்னங்களை ஆங்கிலத்திலும் படித்துக்கொள்ளுங்கள். 159.75 டொலர் கட்டணத்தில் இந்தப் பரீட்சையும் ஒரு ஜீ2 வீதிப் பரீட்சையும் ஐந்தாண்டு அனுமதிப்பத்திரமும் அடங்கும்.

மூன்றாம் படி: பழக்கத்தை மாற்றுதல். நல்ல சாரதிகளும் தடுமாறுவது இங்கேதான். இலங்கையில் இடப்பக்கம் ஓட்டிய கை, அங்கு வலப்பக்கம் ஓட்டவேண்டும். முக்கியமாக, வெறிச்சோடிய வீதியில் இடப்புறம் திரும்பியவுடன் பழைய பக்கத்துக்கே வாகனம் இழுபடும். ‘நிற்க’ என்ற பலகை உள்ள சந்தியில் நம்மூரில் வேகத்தைக் குறைத்துப் பார்த்துச் செல்வது போதும் என்று நினைக்கிறோம். அங்கு சக்கரம் முழுமையாக நிற்க வேண்டும். சந்திதோறும் ஹோர்ன் அடித்து நம் வரவை அறிவிக்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பாடசாலைப் பேருந்து சிவப்பு விளக்குகளை ஒளிரவிட்டு நின்றால், நடுவே பிரிப்புத் திடல் இல்லாத வீதியில் இரு திசை வாகனங்களும் நிற்க வேண்டும். பின்னால் வருபவர் 20 மீற்றர் இடைவெளி விட வேண்டும். தடம் மாறும்போது கண்ணாடியைப் பார்த்தால் மட்டும் போதாது, தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பார்ப்பதைப் பரிசோதகர் கவனிப்பார்.

ஜீ1 நிலையில் தனியாக ஓட்ட முடியாது. குறைந்தது நான்கு ஆண்டு அனுபவமுள்ள, முழு அனுமதிப்பத்திரம் பெற்ற ஒருவர் அருகில் இருக்க வேண்டும். நள்ளிரவு முதல் அதிகாலை 5 மணி வரை ஓட்டக்கூடாது. வீதிப் பரீட்சைக்கான வாகனத்தையும் நீங்களே கொண்டுசெல்ல வேண்டும் என்பதால், உறவினரின் காரையோ பயிற்சிப் பாடசாலையின் காரையோ திகதி குறிக்கும்போதே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.