காரின் பின்கதவில் சப்வூஃபர் பெட்டி: உப்புக்காற்று வீசும் ஊரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்கதவில், தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபரை வைக்க வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் டிக்கியை விட்டுக்கொடுக்க முடியாதவர்கள். நம் ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் டிக்கி என்றால் அது ஐஸ் பெட்டிக்கும் கருவாட்டு மூட்டைக்கும் உரிய இடம். ராமேஸ்வரத்தில் வாடகை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அங்கே பயணிகளின் பைகள் ஏற வேண்டும். அதனால் பின்னிருக்கைக்காரர் ஏறி இறங்கும் கதவில் எட்டு அங்குல சப்வூஃபர் ஒன்றைப் பொருத்திக்கொள்ளும் ஆசையில் தப்பே இல்லை. தாழ்ந்த ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. 50 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர்; காரைவிட அதிகம். ஒலியைப் பொறுத்தவரை கதவு நல்ல இடம்தான். சிக்கல் முழுவதும் கதவுக்குள் இருக்கிறது.

எல்லாத் தவறுகளுக்கும் தாய் ஒன்று உண்டு: கதவின் உட்குழியையே பெட்டியாக்குவது. வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, ஓட்டைகளை அடைத்துவிட்டால் பெட்டி தயார் என்று தோன்றும். அந்த இடம் சும்மா கிடக்கவில்லை. கண்ணாடி இறங்குவது அங்கே. அதை ஏற்றி இறக்கும் பொறி, பூட்டுக் கம்பிகள், பக்கவாட்டு மோதலைத் தாங்கும் இரும்புத் தண்டு எல்லாம் அங்கே. தண்ணீர் போய்வரும் வழியும் அதுவே. கண்ணாடியின் ஓரத்து ரப்பர் பீடிங் தண்ணீரை வழித்துவிடுமே தவிர முழுதாகத் தடுக்காது. மழைநீரும் வண்டி கழுவும் நீரும் கொஞ்சம் உள்ளே இறங்கிக் கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறும்படிதான் கதவையே வடிவமைத்திருக்கிறார்கள். உள்தகட்டின் மேல் கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள், அந்த ஈரம் கதவின் உள்பக்க மூடியான டோர் பேடுக்கும் இருக்கைக்கும் வராமல் காக்கிறது.

சப்வூஃபர் பெட்டியில் காற்று கசியக் கூடாது என்பது சரியான பாடம். அதைக் கதவின் மேல் ஏற்றுவதுதான் வினை. பெரிய ஓட்டைகளைத் தகடு வைத்து மூடி, அடித்துளைகளுக்கு சிலிகான் அடைத்துவிடுகிறார்கள். அப்படி அடைத்த கார் ஒன்று தங்கச்சிமடத்திலிருந்து வந்தது. "அண்ணே, பிரேக் போட்டால் கதவுக்குள் தண்ணீர் ஆடுகிற சத்தம் கேட்கிறது" என்றார் அந்தத் தம்பி. அடிவிளிம்பில் இருந்த சிலிகானைக் கத்திமுனையால் நெம்பியதும் காபி நிறத்தில் நீர் கொட்டியது. கூடவே மணலும் துருச்செதிலும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. அடிமடிப்பை விரலால் வருடினால் மட்டும் வரிசையாகக் கொப்புளங்கள் தட்டுப்பட்டன.

இதே வேலையை மதுரையில் செய்திருந்தால் கதவு இன்னும் சில ஆண்டு தாங்கியிருக்கும். இங்கே தாங்காது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். பாம்பன் முதல் தொண்டி வரை, கீழக்கரை முதல் சாயல்குடி வரை, மழையே பெய்யாத நாளிலும் உப்புப் படிந்த தகடு இரவில் நனைந்துதான் இருக்கும். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் என்ற துருத்தடுப்புப் பூச்சும் தேவைப்பட்டன. கார்க்கதவின் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது. அதற்குள் உப்புநீரைத் தேக்கிவைத்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பெட்டியைத் தனியாகச் செய்யுங்கள். முதுகும் பக்கங்களும் முழுக்க மூடிய, தன்னளவில் காற்றுப்புகாத பெட்டி. அது டோர் பேடின் மேல், பயணிகள் அமரும் பக்கத்தில் உட்கார வேண்டும். கதவின் உட்குழியை அதன் வேலைக்கு விட்டுவிடுங்கள். கழற்றிய பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டாமல் டோர் பேடைப் போடுவது அடுத்த பெரிய தவறு. தாள் கிழிந்திருந்தால் புதிதாக வெட்டி ஒட்டுங்கள். அதன் கீழ்முனை உள்தகட்டின் துளைக்குள் செருகியிருக்க வேண்டும். வழியும் நீர் கதவுக்குள்ளேயே விழ அதுதான் வழி.

கொள்ளளவைக் கண்ணால் அளப்பது

"எட்டு அங்குலம்தானே, சின்னப் பெட்டி போதும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். சப்வூஃபரோடு வரும் தாளில் வி.ஏ.எஸ் (கூம்பின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு, லிட்டரில்), க்யூ.டி.எஸ் (தன் அதிர்வை எவ்வளவு அடக்கிக்கொள்கிறது என்பது), எஃப்.எஸ் (பெட்டியில்லாமல் அதன் ஒத்ததிர்வு நிற்கும் அதிர்வெண்) என மூன்று எண்கள் இருக்கும். மூடிய பெட்டியில் வைத்தபின் வரும் இறுதி க்யூ மதிப்பு 0.707 ஆக இருந்தால் ஒலி சீராக இருக்கும். 0.707ஐ க்யூ.டி.எஸ் மதிப்பால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, அதில் ஒன்றைக் கழியுங்கள். வி.ஏ.எஸ் மதிப்பை இந்த விடையால் வகுத்தால் தேவையான லிட்டர் கிடைக்கும்.

ஒரு சப்வூஃபருக்கு வி.ஏ.எஸ் 12 லிட்டர், க்யூ.டி.எஸ் 0.5, எஃப்.எஸ் 40 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். தேவை 12 லிட்டர். அப்போது பெட்டிக்குள் அதன் ஒத்ததிர்வு 57 ஹெர்ட்ஸ் அருகே நிற்கும். அதையே 4 லிட்டரில் அடைத்தால் க்யூ மதிப்பு 1.0 ஆகிவிடும், ஒத்ததிர்வு 80 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். தவிலின் அடியும் பேஸ் கிட்டாரும் ஒரே "தும்" என்று கேட்கும். அதற்குக் கீழே ஒன்றுமே வராது. கதவில் கிடைக்கும் இடமோ சில லிட்டர்கள்தான். எனவே முதலில் இடத்தை அளந்து, அந்தக் கொள்ளளவில் பாடக்கூடிய ஆழம் குறைந்த சப்வூஃபரைத் தேடி வாங்குவதே சரியான வரிசை. வாங்கிவிட்டுப் பிறகு பெட்டி யோசிப்பவர்களின் பணம் வீணாவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

வளைந்த ஃபைபர் பெட்டியின் கொள்ளளவு கணக்குக்கு எளிதில் அகப்படாது. வழி எளிது: காய்ந்து முடிந்த பெட்டியில் ஒரு லிட்டர் படியால் அரிசியை அளந்து அளந்து கொட்டுங்கள். எத்தனை படி கொள்கிறதோ அத்தனை லிட்டர். அதில் சப்வூஃபரின் காந்தமும் சட்டமும் அடைக்கும் இடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். ரெசின் தொட்ட அந்த அரிசி சமையலுக்கு ஆகாது. கொள்ளளவு சற்றுக் குறைந்தால் பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பி ஓரளவு ஈடுகட்டலாம். பருத்திப் பஞ்சு வேண்டாம், ஈரம் பிடிக்கும். காற்றுக்குழாய் வைத்த பெட்டியும் கதவுக்கு வேண்டாம். அதற்கு இன்னும் அதிக இடம் வேண்டும். குழாய் வழியே உப்புக்காற்று நேராக, கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் வரை போகும்.

ஃபைபர் வேலை

இந்தக் கரையில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஃபைபர் படகு கட்டும், பழுது பார்க்கும் கைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. கண்ணாடியிழை விரிப்பான மேட்டும் அதை ஊறவைத்து இறுகும் ரெசினும் வாங்க வெளியூர் போக வேண்டாம். ஆனால் படகு வேலை பார்ப்பவர் நீர் புகாமையையும் உறுதியையும் பார்ப்பார். சப்வூஃபருக்கு அவற்றோடு விறைப்பும் வேண்டும். பெட்டியின் சுவர் அதிர்ந்தால் அந்த அளவுக்கு ஒலி கெடும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டில் ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். ஐந்தாறு அடுக்காவது போடுங்கள். தட்டையான பரப்பைக் கூடியவரை தவிர்த்து, வளைவாகவே வடிவம் கொடுங்கள். தட்டையாகத்தான் வரும் என்றால் உள்ளே விலா எலும்பு போல மரக்கட்டை ஒன்றை ஒட்டி மேட்டால் மூடுங்கள். விரல் முட்டியால் தட்டும்போது "டொக்" என்று ஒடுங்க வேண்டும், "டம்" என்று முழங்கக் கூடாது.

இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. படகுப் பொருள் விற்கும் கடைகளில் ரெசின், அது இறுகுவதை முடுக்கும் கோபால்ட், அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் மூன்றும் தனித்தனியாகவும் கிடைக்கும். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேராகக் கலக்காதீர்கள், வெடித்துத் தீப்பிடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கிவிட வேண்டும், அதன் பிறகே கேட்டலிஸ்ட். இரண்டுக்கும் ஒரே அளவுக்குப்பியைப் பயன்படுத்துவதும் அதே ஆபத்துதான். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம், கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள். அதன் அளவு ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். நம் ஊர் நண்பகல் வெயிலில் ஒன்றே தாராளம். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக ஊற்றி, வாளி நிறையக் கலக்கி வைத்தால் அது தன் சூட்டிலேயே புகையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ஒரே மூச்சில் இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் போடாதீர்கள்.

ஈரம் ஏறிய மேட்டில் ரெசின் ஊறாது. வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். வாடைக்காற்று வீசும் நாட்களில் மேட்டைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிவையுங்கள். வேலையை வெயில் ஏறி ஈரம் உலர்ந்தபின் தொடங்குங்கள். நேற்றைய அடுக்கின் மேல் இன்று தொடர்வதானால் உப்புத்தாள் தேய்த்து, படிந்த உப்பையும் தூசியையும் நல்ல தண்ணீரில் துடைத்து, உலரவிட்டபிறகே தொடருங்கள். காருக்குள் கதவை வைத்தபடியே ரெசின் பூசுவதும் தவறு. அந்த ஆவி தலையைச் சுற்றவைக்கும், வாசனை இருக்கைத் துணியில் தங்கிவிடும். டோர் பேடைக் கழற்றி, டேப்பும் அலுமினியத் தாளும் ஒட்டி, வெளியே வைத்து அச்செடுங்கள். வடிவத்துக்குத் தெர்மோகோல் வைத்தால் அதையும் டேப்பால் முழுக்க மூடுங்கள். ரெசின் பட்ட இடத்தில் அது கரைந்து குழியாகும்.

சப்வூஃபர் உட்காரும் வளையத்துக்கு, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை வேண்டவே வேண்டாம். ஈரத்தில் ஊதி, திருகாணி பிடிக்காமல் போகும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்கி, வெட்டிய விளிம்புகளுக்கும் ரெசின் பூசுங்கள். கூம்பு பாலிப்ரோப்பிலீனாகவும் அதன் சுற்று விளிம்பு ரப்பராகவும் உள்ள சப்வூஃபரைத் தேர்ந்தெடுங்கள். காகிதக் கூம்பும் நுரை விளிம்பும் நம் காற்றுக்கு நிற்காது.

பக்கத்தில் உட்காருபவர்

பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. பின்கதவின் முன்கீழ் மூலை, அதாவது பயணியின் பாதத்துக்குப் பக்கம். அங்கே மட்டும்தான். இடுப்புக்கும் விலாவுக்கும் நேராகக் கடினமான பெட்டி இருந்தால், பக்கவாட்டில் வேறொரு வண்டி மோதும்போது கதவு உள்ளே நெளிந்து, முதலில் அந்தப் பெட்டிதான் பயணியின் மேல் பாயும். இடம் வேண்டும் என்று உள்ளே உள்ள மோதல் தண்டை அறுப்பவர்களை எந்தச் சொல்லாலும் மன்னிக்க முடியாது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில கார்களில் மோதலை அறியும் காற்றழுத்த உணரி கதவுக்குள்ளேயே இருக்கும், பெரும்பாலும் முன்கதவில். எந்தக் கதவானாலும் தகட்டைத் தொடும் முன் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அளவெடுக்கும்போது கண்ணாடியை முழுக்க இறக்கி வைத்து அளக்க வேண்டும். பெட்டிக்குக் காகித அட்டையில் மாதிரி செய்து டோர் பேடில் ஒட்டி, கதவை மூடிப் பாருங்கள். இருக்கை விளிம்பு, நடுத்தூணில் உள்ள முன் பெல்ட்டின் அடிப்பகுதி, உள்கைப்பிடி எதிலும் இடிக்கக் கூடாது. அந்த இருக்கையில் பெரியவர் ஒருவரை உட்காரவைத்துக் காலை மடக்கி இறங்கச் சொல்லுங்கள். ஏர்வாடி தர்காவுக்கும் ராமேஸ்வரம் கோயிலுக்கும் போகும் வண்டிகளில் முதியவர்கள் ஏறாத நாள் இல்லை.

சப்வூஃபரும் பெட்டியும் சேர்ந்து ஆறேழு கிலோ வந்துவிடும். கதவைப் பாதி திறந்து அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் வேலையை முதலில் முடியுங்கள். பெட்டியை டோர் பேடின் பிளாஸ்டிக் கிளிப்புகள் தாங்காது, உள்தகட்டோடு போல்ட் போட்டே பிடிக்க வேண்டும். துளையிட்ட இடத்தில் பச்சை இரும்பு தெரியும். அன்றைக்கே ப்ரைமர் பூசி, துருப்பிடிக்காத எஃகில் 316 வகை போல்ட்டைப் போடுங்கள். 304 வகை நம் காற்றில் பழுப்பேறும்.

வயரைப் பொறுத்தவரை, ஆம்ப்ளிஃபையர் கதவில் இருக்கக் கூடாது. இருக்கைக்கு அடியில் போகட்டும். கதவுக்குள் ஸ்பீக்கர் வயர் மட்டும், கம்பெனி வயர்கள் போகும் அதே ரப்பர் குழாய் வழியாகச் செல்ல வேண்டும். வயரைக் கதவின் கீழ்ப்படிமேல் போட்டுக் கதவை மூடினால் உறை நசுங்கி ஒருநாள் ஷார்ட் ஆகும். செம்பு பூசிய அலுமினிய வயர் மலிவு. வெட்டுமுனையில் உப்பு பட்டதும் வெள்ளைப் பொடியாகும். படகுக்கு வாங்கும் ஈயம் பூசிய செம்பு வயரே இங்கே சரி. 300 வாட் டி வகை ஆம்ப்ளிஃபையர் முழு வேகத்தில் 27 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பாட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இல்லாமல் ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயரை இழுக்காதீர்கள்.

எல்லாம் மாட்டியபின் 80 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகாதபடி வெட்டு வைத்து, 30லிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒற்றைச் சுரத்தை ஓடவிட்டு, கதவின் மேல் உள்ளங்கையை வைத்து நகர்த்துங்கள். பூட்டுக் கம்பியோ கிளிப்போ எந்த அதிர்வெண்ணில் கடகடக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். அந்தக் கம்பிக்கு மட்டும் துணி டேப் சுற்றி, தகட்டுக்கு அதிர்வை அடக்கும் பியூட்டைல் தாள் ஒட்டினால் போதும். ஒட்டும்போது அடித்துளைகளை மறைத்துவிடாதீர்கள். வாடைக்காலம் முடிந்ததும் ஈர்க்குச்சி ஒன்றை அந்தத் துளைகளில் விட்டு உப்பையும் மணலையும் குத்தியெடுத்து, நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றி வடிகிறதா என்று பாருங்கள்.