பழைய லேப்டாப்பே வீட்டு ஸ்டோரேஜ்

புதுசாக நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல் சேமிக்கும் சாதனம்) வாங்கும் முன், சும்மா கிடக்கும் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டு, 2.5 இன்ச் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகி சம்பா என்ற ஃபைல் ஷேரிங் மென்பொருள் வழியாக ஷேர் செய்துவிடுங்கள். மெனு கீழே இடப்பக்கமே இருப்பதால் விண்டோஸ் பழகியவர்கள் தடுமாற மாட்டார்கள், 4 ஜிபி ரேமே தாராளம்.

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் கோடையில் பட்டென்று கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியே யுபிஎஸ் மாதிரி தாங்கும். இந்த அளவு டிஸ்க் யுஎஸ்பியிலேயே கரண்ட் எடுக்கிறது, அதனால் ரௌட்டர் அணைந்து காப்பி நின்றாலும் டிஸ்க் சட்டென்று அணையாது. 3.5 இன்ச் டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும், கரண்ட் போனால் அதற்கு லேப்டாப் பேட்டரி உதவாது.

பேட்டரி உப்பியிருந்தால் தயவுசெய்து வேண்டாம், வேலூர் வெயிலில் ஆபத்து. முக்கியமான போட்டோக்களுக்கு இன்னொரு டிஸ்க்கிலும் நகல் அவசியம்.