உயர்தரப் பெறுபேற்றில் இசட் புள்ளியை எவ்வாறு வாசிப்பது?

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில், மூன்று பாடங்களிலும் ஏ சித்தி பெற்ற பிள்ளைக்கு மருத்துவபீடம் ஏன் கிடைக்காமற் போகலாம் என்று பெற்றோர் பலர் கேட்பதுண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தெரிவுக்கு எடுத்துக்கொள்வது சித்தித் தரத்தை அல்ல, இசட் புள்ளியையே என்பதுதான் அதற்கான விடை. 75 புள்ளி பெற்றவருக்கும் 95 பெற்றவருக்கும் ஒரே ஏ தான் கிடைக்கும். இசட் புள்ளியோ நான்கு தசம தானம் வரை கணிக்கப்பட்டு அவ்விருவரையும் வெகுதூரம் பிரித்துவிடும்.

2001 முதல் நடைமுறையிலுள்ள இந்த முறையில், ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து, அவ்வாண்டில் அப்பாடத்துக்குத் தோற்றியோரின் இடைப் புள்ளியை (சராசரியை) கழித்து, வரும் விடையை அவர்களது புள்ளிகளின் நியம விலகலால், அதாவது புள்ளிகள் இடையிலிருந்து எவ்வளவு பரந்து நிற்கின்றன என்பதைக் காட்டும் அளவால், வகுப்பார்கள். இவ்வாறு மூன்று பாடங்களுக்கும் தனித்தனியே கிடைப்பவற்றின் சராசரியே பெறுபேற்றுத் தாளில் காணப்படும் இசட் புள்ளி ஆகும்.

விளக்கத்துக்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். பௌதிகவியலில் ஒருவர் 62 பெற்றிருக்க, இடை 38 ஆகவும் நியம விலகல் 16 ஆகவும் இருந்தால் அவரது இசட் 1.5 ஆகும். இரசாயனவியலில் அவர் 70 பெற்றிருந்தாலும், இடை 50, நியம விலகல் 20 எனின் கிடைப்பது 1 மட்டுமே. உயிரியலில் 74, இடை 53, நியம விலகல் 15 எனின் 1.4. ஆக, சராசரி 1.3. மிகக் குறைந்த புள்ளி வந்த பௌதிகவியலே அவருக்கு மிகக் கூடுதலாகக் கைகொடுத்திருப்பதைக் கவனியுங்கள். இரசாயனவியலில் எல்லோரும் இடையை ஒட்டியே நின்று நியம விலகல் 10 ஆக இருந்திருந்தால், அதே 70 புள்ளிக்கு 2 கிடைத்திருக்கும். நீங்கள் எவ்வளவு எழுதினீர்கள் என்பதோடு, உங்களுடன் எழுதியவர்கள் எங்கே நின்றார்கள் என்பதும் இதில் அளக்கப்படுகிறது. மறைப் பெறுமானம் வந்தால் சித்தியடையவில்லை என்று கலங்க வேண்டியதில்லை. இடைக்குக் கீழே நிற்கிறீர்கள் என்பதே அதன் பொருள்.

இதனால்தான் "இலகுவான பாடம்" தேடி ஓடுவதில் பயனில்லை என்கிறேன். எல்லோருக்கும் இலகுவான பாடத்தில் இடையும் உயர்ந்துவிடும். பாடத்தைத் தெரிவுசெய்யும்போது, விரும்பும் கற்கைநெறி எந்தப் பாடங்களைக் கேட்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தவர் எவ்வளவு உயர்ந்த இசட் புள்ளி பெற்றாலும் மருத்துவபீடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது.

கணிப்பில் எவரை எவருடன் சேர்ப்பது என்பது சிறிய விடயமல்ல. 2011 பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களுக்குத் தோற்றியோரை ஒன்றாகச் சேர்த்துக் கணித்தமை வழக்காகி, 2012இல் உயர் நீதிமன்றம் இரு தொகுதியினருக்கும் தனித்தனியே கணிக்கும்படி உத்தரவிட்டது. 1970களில் தமிழ் மாணவர்களைப் பெரிதும் பாதித்த மொழிவாரித் தரப்படுத்தலோடு இதைக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உள்ளனர். இசட் புள்ளி மொழிமூலத்தைப் பார்த்துக் கணிக்கப்படுவதில்லை.

அடுத்தது வெட்டுப்புள்ளி, அதாவது ஒரு கற்கைநெறிக்குத் தெரிவான கடைசி மாணவரின் இசட் புள்ளி. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. அதனால் ஒரே கற்கைநெறிக்குக் கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளி வேறு, கிளிநொச்சி மாவட்ட வெட்டுப்புள்ளி வேறு. கலைத்துறைக்கு இந்த மாவட்டப் பங்கீடு இல்லை. இடையில் பாடசாலை மாறியவர்கள், தாம் எந்த மாவட்டத்தின் கீழ் கணிக்கப்படுவர் என்பதை ஆணைக்குழுவின் கைந்நூலிலுள்ள விதிகளைப் படித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பெறுபேறு வந்ததும், இசட் புள்ளியோடு மாவட்ட நிலையையும் அகில இலங்கை நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளை உங்கள் மாவட்டத்துக்கு மட்டும், கற்கைநெறி வாரியாகவும் பல்கலைக்கழக வாரியாகவும் எடுத்து அருகில் வையுங்கள். அவை ஆண்டுதோறும் ஏறி இறங்குபவை; 0.02 வித்தியாசத்தை நம்பி ஒரு கற்கைநெறியை விட்டுவிடுவது பெரிய இழப்பாகலாம். வணிகப் பிரிவின் 1.5ஐ உயிரியல் பிரிவின் 1.5உடன் ஒப்பிடுவதும் அர்த்தமற்றது. சில கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு என்பதால், அதற்கான விண்ணப்ப முடிவுத் திகதியைத் தனியே கவனிக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை, வெட்டுப்புள்ளியின் ஏறுமுகத்தையோ இறங்குமுகத்தையோ பார்த்து அன்றி, உண்மையிலேயே எதை முதலில் படிக்க விரும்புகிறீர்களோ அதன்படியே நிரப்புங்கள். மேலேயுள்ள தெரிவு கிடைத்துவிட்டால் கீழேயுள்ளது பரிசீலிக்கப்படாது. மேலேயுள்ளது கிடைக்காவிட்டால் அதற்காகக் கீழேயுள்ள வாய்ப்புக் குறைவதும் இல்லை. அடைய முடியாததுபோல் தோன்றும் கற்கைநெறியை உச்சியில் இட்டுவிட்டு, கடந்த ஆண்டு வெட்டுப்புள்ளி உங்கள் புள்ளிக்குத் தெளிவாகக் கீழே நின்ற சில கற்கைநெறிகளையும் பட்டியலின் இறுதியில் சேர்த்த பின்னரே விண்ணப்பத்தைச் சமர்ப்பியுங்கள்.