ஒலிப்பதிவுத் துறைக்கு வருவோர் படிப்பிலும் பயிற்சியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் இரண்டு இளைஞர்கள் அடுத்தடுத்த நாட்களில் என் ஸ்டூடியோவுக்கு வந்து, தாங்கள் செய்த பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். ஒருவர் தனியார் கல்லூரியில் ஒலிப்பொறியியல் பட்டயம் முடித்தவர். மற்றவர் எந்தப் படிப்பும் இல்லாமல், தன் சித்தப்பாவின் மைக் செட் கடையில் மூன்று ஆண்டுகள் பெட்டி தூக்கி, கோயில் திருவிழாக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் வேலை கற்றவர். இருவரும் கச்சேரி ஒன்றைப் பதிவு செய்திருந்தார்கள். இரண்டு பதிவிலும் மிருதங்கத்தின் தொப்பி (இடது கை அடிக்கும் தலை; வலது கை அடிப்பது வலந்தலை) உயிரற்றுக் கிடந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு, வெவ்வேறு வழியில் வந்த இருவரிடமும் அப்படியே இருந்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. பேக்அப் எடுக்காதது, பழுதான கேபிளைச் சோதிக்காமல் கொண்டுபோவது, பதிவின்போது கைபேசியை அணைக்காதது போன்றவற்றை ஒருமுறை அடிபட்டால் எவரும் திருத்திக்கொள்வார்கள். ஆகவே அவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

கல்லூரியா, ஸ்டூடியோவா என்று ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்வது

இந்த வாதம் புதிதன்று. ஜெர்மனியின் டெட்மோல்ட் நகரில் 1949ஆம் ஆண்டிலேயே, இசையும் இயற்பியலும் சேர்ந்து கற்ற ஒலிப்பதிவாளர்களை உருவாக்கும் ‘டோன்மைஸ்டர்’ படிப்பு தொடங்கப்பட்டது. அதே காலகட்டத்தில் லண்டனில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் ஸ்டூடியோவில், பள்ளியை முடித்த பையன்கள் நாடா இயந்திரத்தின் அருகே உதவியாளராக உட்கார்ந்து தொழில் கற்றார்கள். அப்படி 1962இல் சேர்ந்த ஜெஃப் எமெரிக், 1966இல், இருபது வயதில், பீட்டில்ஸ் குழுவின் ஒலிப்பதிவாளரானார். நம் நாட்டிலும் இரண்டு வழியிலும் வந்தவர்கள் இருக்கிறார்கள். 2009இல் ஆஸ்கர் விருது பெற்ற ரசூல் பூக்குட்டி புனே திரைப்படக் கல்லூரியில் பயின்றவர். கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களிலோ மூத்தவரின் பக்கத்தில் நின்று கற்று மேலே வந்தவர்களே நெடுங்காலம் பெரும்பான்மையாக இருந்தார்கள்.

இந்த உதாரணங்களைச் சொல்லி ‘என் வழியே சரி’ என்று வாதிடும் இளைஞர்களிடம் நான் ஒன்றைச் சுட்டிக்காட்டுவேன். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் 1970களிலிருந்து நடத்திவரும் டோன்மைஸ்டர் பட்டப் படிப்பில், மாணவர்களை ஓராண்டு முழுவதும் வெளியே, ஸ்டூடியோக்களுக்கும் ஒலி நிறுவனங்களுக்கும் வேலைக்கு அனுப்புகிறார்கள். படிப்பை நடத்துபவர்களே படிப்பு மட்டும் போதாது என்று முடிவு செய்த பிறகு, அதைப் பற்றி நாம் சண்டையிடுவதில் பொருளில்லை. நான் பணிபுரிந்தபடியே கற்றவன்; முப்பது வயதுக்கு மேல்தான் ஒலியியல் பாட நூல்களைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். அந்த வரிசை தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடைவெளி பத்து ஆண்டுகளாக நீண்டது தவறுதான்.

காரணம் தெரியாமல் அமைப்பை மனப்பாடம் செய்வது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுவே.

2003ஆம் ஆண்டு மார்கழியில், ஒரு சபாவில் நடந்த கச்சேரியைப் பதிவு செய்ய என்னைத் தனியாக அனுப்பினார்கள். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் ஒரு மூத்த ஒலிப்பதிவாளரிடம் உதவியாளராக இருந்தேன். அவர் நல்லவர்; ஆனால் கேள்வி கேட்டால் பிடிக்காது. “தம்பி, மிருதங்கத்துக்கு ரெண்டு மைக். வலந்தலைக்கு ஒண்ணு, தொப்பிக்கு ஒண்ணு. ஒண்ணை இடது பக்கம் தள்ளு, ஒண்ணை வலது பக்கம் தள்ளு. அவ்வளவுதான்” என்பார். நான் அதை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அன்றும் அப்படியே செய்தேன். வாய்ப்பாட்டு நடுவில், வயலின் சற்று ஓரத்தில், மிருதங்கம் இரு பக்கமும் விரிந்து, ஹெட்ஃபோனில் மிக அழகாகக் கேட்டது. தனித்தனி ட்ராக்குகளில் எடுக்கும் வசதி அன்று எங்களிடம் இல்லாததால், முழுக் கச்சேரியும் கலந்த நிலையிலேயே நேராக இரண்டு ட்ராக்கில் பதிவானது.

மூன்று நாள் கழித்து மிருதங்க வித்வானின் வீட்டுக்குப் பிரதி கொண்டுபோனேன். அவர் அதைத் தன் வீட்டிலிருந்த ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டரில் போட்டார். தனி ஆவர்த்தனம் தொடங்கி இரண்டு நிமிடம் ஆவதற்குள் நிறுத்திவிட்டு, “தம்பி, என் தொப்பி எங்கே போச்சு?” என்று கேட்டார். வலந்தலையின் நாதம் கணீரென்று இருந்தது. இடது கையின் கும்கி எனும் கனத்த முழக்கம் மட்டும் யாரோ பலகையில் விரல் தட்டுவதுபோல ஒலித்தது. எனக்குக் காரணம் தெரியவில்லை. ஸ்டூடியோவுக்குத் திரும்பி, அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் 80 ஹெர்ட்ஸை ஏற்றி ஏற்றிப் பார்த்தேன். இல்லாத ஒன்றை ஏற்ற முடியாது. இரண்டரை மணி நேரக் கச்சேரி வெளியிடப்படாமலே போனது. அந்தத் தனி ஆவர்த்தனத்தை அதே மாதிரி இன்னொரு முறை வாசிக்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.

நடந்தது இதுதான். மிருதங்கத்தின் இரண்டு தலைகளுக்கும் இடையில் அடைபட்ட காற்று இருக்கிறது. ரவை ஒட்டிய தொப்பியை இடது கை அடிக்கும்போது அந்தத் தோல் உள்நோக்கிப் போகிறது. அதனால் உள்ளே நெருக்கப்பட்ட காற்று வலந்தலைத் தோலை வெளிநோக்கித் தள்ளுகிறது. தொப்பிக்கு எதிரே உள்ள மைக்குக்குத் தோல் விலகிப் போகிறது. அதே நொடியில் வலந்தலைக்கு எதிரே உள்ள மைக்குக்குத் தோல் நெருங்கி வருகிறது. ஆகவே கீழ் அதிர்வெண்களில் இரு மைக்குகளும் ஒரே ஒலியை ஏறத்தாழ நேர்மாறாக எழுதுகின்றன. ஒன்றை முழுவதும் இடப்பக்கமும் மற்றதை முழுவதும் வலப்பக்கமும் வைத்து ஹெட்ஃபோனில் கேட்கும்வரை குறை வெளியே தெரியாது. அகலமாக இருப்பதாக மனம் மகிழும். இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் கூட்டினால் ஒன்று மற்றொன்றை அழிக்கிறது. மைக்கின் தூரத்தை மாற்றி இதைச் சரிசெய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். மிருதங்கத்தின் நீளமோ இரண்டு அடிக்கு உட்பட்டது. இங்கே சிக்கலின் வேர் தோல்கள் நகரும் திசையில் இருக்கிறது; மைக்கை நான்கு விரற்கடை தள்ளி வைப்பதால் அது மாறாது.

தீர்வு ஒரே ஒரு பொத்தான். ஒலிகளைக் கலக்கும் மேசையான கன்சோலில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட சிறு பொத்தான் இருக்கும். அதுதான் போலாரிட்டியை, அதாவது மைக் எழுதும் அலையின் மேடு பள்ளத்தை, நேர்மாறாகத் திருப்புவது. கச்சேரிக்கு முன் சுருதி சேர்க்கும் நேரத்தில், வித்வானைத் தொப்பியில் மட்டும் பத்துப் பன்னிரண்டு அடிகள் வாசிக்கச் சொல்லி, மானிட்டரை மோனோவுக்கு (இரு பக்கமும் ஒன்றாகக் கூடி ஒலிக்கும் நிலைக்கு) மாற்றி, ஒரு மைக்கின் பொத்தானை அழுத்தியும் விடுத்தும் கேளுங்கள். எந்த நிலையில் தொப்பி நிறைவாக ஒலிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மைக் இருக்கும் கோணத்தையும் மேடையையும் பொறுத்து முடிவு மாறலாம் என்பதால் காதுதான் இறுதித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பாடகரின் மைக்கிலும் மிருதங்கம் விழும். அதைத் திறந்து வைத்து மறுபடியும் ஒருமுறை கேளுங்கள். மொத்தம் இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தை அன்று நான் செலவிடாததற்குக் காரணம் சோம்பல் அன்று. அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது.

இப்போது அந்த இரண்டு இளைஞர்களிடம் வருகிறேன். பட்டயம் முடித்தவரிடம், “ஸ்னேர் டிரம்முக்கு மேலே ஒரு மைக், கீழே ஒரு மைக் வைத்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். “கீழ் மைக்கின் போலாரிட்டியைத் திருப்புவோம், சார்” என்று உடனே சொன்னார். காரணத்தையும் படம் வரைந்து காட்டினார். மிருதங்கமும் அதே கதைதானே என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. அவருடைய பாடத்திட்டம் வெளிநாட்டு டிரம் செட்டை வைத்து எழுதப்பட்டது. அதில் மிருதங்கமோ தவிலோ பம்பையோ இல்லை. பாடத்தில் இல்லாததால் விதி அங்கே பொருந்தும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. மைக் செட் கடையிலிருந்து வந்தவரோ நூறு தவில் கச்சேரிகளுக்கு மைக் வைத்திருக்கிறார். தொப்பி எடுபடவில்லை என்பதை அவர் காது சரியாகவே கண்டுகொண்டது. ஆனால் அவர் கை போனது, அன்று என் கை போன அதே ஈக்யூ குமிழுக்கு. ஒருவரிடம் விதி இருந்தது, வாத்தியம் இல்லை. மற்றவரிடம் வாத்தியம் இருந்தது, விதி இல்லை.

எனக்கு எரிச்சல் அவர்கள்மீது அன்று. ‘இப்படித்தான் வைக்க வேண்டும்’ என்று சொல்லிவிட்டு ஏன் என்பதைச் சொல்லாத மூத்தவர்கள்மீதும், நம் வாத்தியம் ஒன்றைக்கூட வகுப்புக்குள் கொண்டுவராத பாடத்திட்டங்கள்மீதும்தான். மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பிய கரணை என்னும் கருஞ்சாந்தால் அதன் மேல்சுரங்கள் இசைவாக அமைகின்றன என்று சர் சி.வி. ராமன் 1920இலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நூறாண்டுக்குப் பிறகும் சென்னையில் ஒலிப்பொறியியல் படிக்கும் மாணவர் அந்த வாத்தியத்தை வகுப்பறையில் ஒருமுறையாவது தொட்டுப் பார்க்காமல் வெளியே வருவது வேதனை.

இதற்கு நான் சொல்லும் வழி, நோட்டில் இரண்டு பத்தி வைப்பது. இடப்பக்கம் செய்த அமைப்பு, வலப்பக்கம் அதன் காரணம். வலப்பக்கம் காலியாக இருக்கும் ஒவ்வொரு வரியும் நீங்கள் இன்னும் கற்காத பாடம். பதிவு நடக்கும்போது மூத்தவரைக் கேட்காதீர்கள். டீ இடைவேளையில் கேளுங்கள். அவர் சொல்லாவிட்டால் புத்தகத்தில் தேடுங்கள். புத்தகத்தில் இருப்பதை, கையில் கிடைக்கும் நம் வாத்தியத்தில் சோதித்துப் பாருங்கள்.

ஸ்டூடியோ நேரத்தைக் கேட்காமல் கட்டணம் கட்டுவது

கடன் வாங்கிப் படிப்பில் சேரும் குடும்பங்கள், கட்டடத்தையும் கன்சோலின் அகலத்தையும் பார்த்து மயங்குகின்றன. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு மாணவர் தனியாக, ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஸ்டூடியோவைப் பயன்படுத்தலாம்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? உயிருள்ள கலைஞர்கள் பதிவுக்கு வருவார்களா, அல்லது ஏற்கெனவே பதிவான கோப்புகளை வைத்து மிக்ஸிங் மட்டும் செய்வீர்களா? விடை எண்ணிக்கையாக வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கென்றே இளங்கலைப் பட்டப் படிப்பு இருக்கிறது. புனேயிலும் கொல்கத்தாவிலும் மத்திய அரசின் நிறுவனங்கள் இருக்கின்றன. இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வும் உண்டு. ஆனாலும் தனியார் கல்லூரியில் பெருந்தொகை கட்டுவதற்கு முன் ஓராண்டு காத்திருந்து இவற்றுக்கு விண்ணப்பிப்பது நட்டமாகாது. படிப்பில் சேர்ந்த பின்னர், பதிவு செய்து வைத்த ஸ்டூடியோ நேரத்துக்குப் போகாமல் விடுதியில் தூங்குபவர், கட்டிய கட்டணத்தின் பெரும்பகுதியைத் தூக்கிப் போடுகிறார்.

மென்பொருள் கற்பதையே தொழில் கற்பதாக நினைப்பது

மென்பொருளை வீட்டிலேயே மூன்று மாதத்தில் கற்கலாம்.

சான்றிதழைக் காட்டி வேலை கேட்பது

அகில இந்திய வானொலி போன்ற அரசு நிறுவனங்களின் தொழில்நுட்பப் பணிகளுக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் கல்வித் தகுதி வேண்டும். அந்த எண்ணம் இருந்தால் முறையான பட்டத்தைத் தவற விடாதீர்கள். மற்ற இடங்களில் உங்கள் பதிவைத்தான் கேட்பார்கள்.

உதவியாளராக இருக்கும் காலத்துக்கு எல்லை வகுக்காதது

ஸ்டூடியோவில் சேர்ந்து கற்போர் செய்யும் தவறு இது. தொடக்கத்தில் கேபிள் சுற்றுவதும் டீ வாங்கி வருவதும் இழுக்கல்ல. கலைஞர் எப்போது களைத்துப்போகிறார், எப்போது விளக்கைக் குறைக்க வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் காலத்தில்தான் பிடிபடும். எந்த வகுப்பிலும் அதைக் கற்பிக்க முடியாது. ஆனால் ஓராண்டுக்குப் பிறகும் உங்களைக் கன்சோலில் உட்கார விடாமல், ஊதியமும் தராமல் வைத்திருக்கும் இடத்தில் நீங்கள் கற்பது ஒன்றுமில்லை. நான் அறிந்த ஒருவர் ஐந்து ஆண்டுகள் அப்படி இருந்தார். அவருக்கு அந்த ஸ்டூடியோவின் ஒவ்வொரு இணைப்பும் மனப்பாடம். ஒரு பாடலைத் தொடக்கம் முதல் முடிவு வரை தன் பொறுப்பில் பதிவு செய்ததில்லை. சேரும்போதே, “ஆறு மாதத்தில் எதை என்னிடம் ஒப்படைப்பீர்கள், சார்?” என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள். ஆறாவது மாதம் அதை நினைவூட்டுங்கள். இரவில் ஸ்டூடியோ காலியாக இருக்கும் நேரத்தைப் பயிற்சிக்குக் கேளுங்கள். பெரும்பாலான உரிமையாளர்கள் மின் கட்டணத்துக்காகத் தயங்குவார்களே தவிர, இரண்டாவது முறை கேட்டால் மறுப்பதில்லை.

காதைக் காக்காதது

காது தாங்கும் எல்லை இதுதான்: 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம், 88இல் 4 மணி நேரம், 91இல் 2 மணி நேரம். திருவிழா ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் இன்றே காதடைப்பான் வாங்குங்கள்.