நெட் வரலன்னா எங்கேருந்து பாக்கணும்

கும்பகோணத்துல ஒரு கடைல நெட் வரலன்னு கூப்டாங்க, போய்ப் பாத்தா நெட் கேபிள் முனைல இருக்குற ஆர்ஜே45 பிளக்கோட கிளிப் ஒடஞ்சு கேபிள் லேசா வெளிய வந்திருக்கு, அவ்ளோதான். அதனால முதல்ல கேபிள் சொருகுற லேன் போர்ட்ல லைட் எரியுதான்னு பாருங்க.

எரிஞ்சா விண்டோஸ்ல கமாண்ட் டைப் பண்ற கமாண்ட் பிராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக் (ipconfig) அடிங்க, கம்ப்யூட்டரோட ஐபி, அதாவது நெட்வொர்க்ல அதோட நம்பர், தெரியும். 169.254-னு ஆரம்பிச்சா டிஹெச்சிபி, அதாவது ஐபிய தானா குடுக்குற ஏற்பாடு, ஐபி குடுக்கலன்னு அர்த்தம், விண்டோஸே ஒண்ணு போட்டுக்கிச்சு. 192.168-னு இருந்தா ரூட்டருக்கு பிங் போடுங்க, அதாவது பதில் வருதான்னு பாருங்க. கல்லணைல தண்ணிய காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம்னு பிரிச்சு விடுறாங்கல்ல, ரூட்டர் வேலையும் கிட்டத்தட்ட அதான், எந்த பாக்கெட் (டேட்டாவோட சின்னத் துண்டு) எந்தப் பக்கம் போகணும்னு அதுதான் அனுப்பும். அப்புறம் வெளிய இருக்குற கூகுள் சர்வர் 8.8.8.8-க்கு பிங். அது போயி வெப்சைட் மட்டும் தொறக்கலன்னா வெப்சைட் பேர ஐபியா மாத்துற டிஎன்எஸ்ஸ பாருங்க.

ரூட்டர் பாஸ்வேர்டு இன்னும் அட்மின்னே இருந்தா, கடைக்காரர பக்கத்துல உக்கார வச்சு மாத்திட்டு வாங்க, இத மட்டும் விட்றாதீங்க.