முகவர் விட்டுக்கொடுக்கும் கமிஷன்: வரியில் எது குறையும், எது குறையாது

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடு வாங்குபவர் தம் சொத்து முகவருக்கு விலையில் 1% கமிஷன் தருவது வழக்கம். வழக்கம்தான், சட்டமல்ல, பேசிக் குறைக்கலாம். 600,000 வெள்ளி வீட்டுக்கு அது 6,000 வெள்ளி. அதில் 2,000 வெள்ளியை விட்டுக்கொடுப்பதாக முகவர் சொன்னால், எந்த வழியில் என்று முதலில் கேளுங்கள்.

காரணம் ஜிஎஸ்டி, அதாவது பொருள் சேவை வரி. முகவர் நிறுவனம் ஜிஎஸ்டி பதிவு பெற்றிருந்தால் கமிஷனுக்கு மேல் 9% வரும். பில்லிலேயே 4,000 வெள்ளி என்று போட்டால் வரி 360 வெள்ளி. 6,000 வெள்ளிக்குப் பில் போட்டுவிட்டு 2,000 வெள்ளியைப் பிறகு கையில் கொடுத்தால் வரி 540 வெள்ளி. அந்த 180 வெள்ளியை வீடு வாங்குபவரால் திரும்பப் பெற முடியாது. பில் ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) கேளுங்கள். சலுகைத் தொகையை முகவர் ஒப்பந்தப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பணத்தை நிறுவனத்தின் கணக்கில் கட்டுங்கள். பேநவ் வழி (கைப்பேசிப் பணப் பரிமாற்றம்) முகவரின் சொந்த எண்ணுக்கு வேண்டாம்.

குடியிருக்க வாங்கும் வீட்டில் இப்படித் திரும்பும் தொகை உங்கள் செலவில் குறைவதுதான், சம்பாத்தியமல்ல.

முத்திரை வரி வேறு கதை. ஒப்பந்த விலை, சந்தை மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மீதுதான் அது விதிக்கப்படும். முதல் 180,000 வெள்ளிக்கு 1%, அடுத்த 180,000-க்கு 2%, அடுத்த 640,000-க்கு 3%. ஆக 600,000 வெள்ளிக்கு 12,600 வெள்ளி. முகவர் தரும் சலுகை விற்பவரின் விலையைத் தொடுவதில்லை. வரி அப்படியே நிற்கும். ஒப்பந்தத்தில் 598,000 வெள்ளி என்று எழுதிவிடலாமே என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். மிச்சமாவது வெறும் 60 வெள்ளி. அதற்காக வீவகவிடம் பொய் விலை சொல்வது குற்றம்.

புதிய கொண்டோவில் (தனியார் அடுக்குமாடி வீடு) கட்டுமான நிறுவனமே விலையைக் குறைத்தால் கணக்கு மாறும். 1,500,000 வெள்ளி 1,480,000 ஆனால், சந்தை மதிப்பு அதற்கு மேல் இல்லாத பட்சத்தில், முத்திரை வரி 44,600 வெள்ளியிலிருந்து 43,800 வெள்ளியாக இறங்கும். அதே 20,000 வெள்ளியை அறைகலன் வாங்கும் பற்றுச்சீட்டாகவோ (வவுச்சர்) ரொக்கமாகவோ தந்தால் நிலைமை அவ்வளவு நல்லதல்ல. வங்கி அதை விலையில் கழித்துவிட்டே கடனைக் கணக்கிடும். 75% வரம்பில் கடன் 15,000 வெள்ளி குறையும். அந்தப் பள்ளத்தைக் கையிருப்பிலிருந்தோ மசே நிதியிலிருந்தோ (மத்திய சேம நிதி) நிரப்ப வேண்டும். கடன் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே வங்கியிடம் சலுகையைச் சொல்லிவிடுங்கள்.